மேகம் எதனால் ஆனது? "பஞ்சு" என்று எழுதிய 11 பேர்

நாலாப்பு டீச்சர் | திங்கள், இரவு 9.10

வணக்கம். பாதி புலம்பல், பாதி கேள்வி. பொறுமையாகப் படியுங்கள்.

நான்காம் வகுப்பு, 32 பிள்ளைகள். நீர்ச் சுழற்சிப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் பலகையில் நாலு அம்புக்குறி போட்டு முடித்துவிடுவேன். இந்த முறை கலையோடு சேர்த்து நடத்தலாம் என்று ஆசைப்பட்டேன். குழுவுக்கு ஒரு பெரிய அட்டை. கடலுக்கு நீலத்தாள், மலைக்குக் கசக்கிய பழுப்புத்தாள், மேகத்துக்குப் பஞ்சு, மழைக்கு வெள்ளி நூல். நான்கு பாடவேளை போனது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்து ஒட்டினார்கள். அட்டைகளை வராந்தாவில் மாட்டினோம். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். "மேகம் எதனால் ஆனது?" என்று ஒரு கேள்வி. 11 பேர் "பஞ்சு" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் கொஞ்சம் கவனமாக, "பஞ்சு போன்ற பொருள்". ஆவியாதல் பற்றிய கேள்விக்குப் பாதிப் பேர் ஒன்றுமே எழுதவில்லை.

அம்புக்குறி போட்ட வருடங்களில் இதைவிட நன்றாக எழுதினார்கள். நான் எங்கே தப்பு செய்தேன்?

பின்பெஞ்சு | திங்கள், இரவு 9.31

தெர்மோகோல் ஒட்டாமல் விட்டீர்களே, அந்த மட்டுக்கும் நல்லது. பஞ்சிலாவது கொஞ்சம் ஈரம் நிற்கும்.

சோதனைக்குழாய் | திங்கள், இரவு 10.05

டீச்சர், அந்த 11 பேரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் செய்த மேகம் பஞ்சால் ஆனதுதானே!

நான் அறிவியல் எடுப்பவன். இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். டேனியல் வில்லிங்ஹாம் என்ற உளவியலாளர் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: பாடவேளையில் பிள்ளையின் மனம் எதை யோசித்துக்கொண்டிருந்ததோ அதுதான் நினைவில் தங்கும். ஆசிரியர் எதை நடத்த நினைத்தார் என்பது கணக்கில் வராது.

உங்கள் நான்கு பாடவேளையையும் நிமிடம் நிமிடமாக ஓட்டிப் பாருங்கள். "பசை காயுமா?" "கத்தரிக்கோலை அந்தக் குழு தரமாட்டேன் என்கிறது." "எங்கள் மலை ஏன் சாய்கிறது?" தண்ணீர் ஏன் மேலே போகிறது என்று எந்த நிமிடத்தில் ஒரு பிள்ளை யோசித்திருக்கும்? யோசிக்காமலே அட்டையை முடித்துவிட முடியும் என்றால், முடித்துவிடுவார்கள். நாமும் அப்படித்தான் செய்வோம்.

இப்போது எந்தச் செயலைத் திட்டமிட்டாலும் எனக்கு நானே ஒரு கேள்வி போட்டுக்கொள்கிறேன்: பாடம் சுத்தமாகப் புரியாத பிள்ளைகூட இதை அழகாகச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் அது கைவேலை, அவ்வளவுதான்.

தூரிகை | செவ்வாய், காலை 6.40

ஓவிய ஆசிரியன் பேசுகிறேன். சோதனைக்குழாய் சார் சொன்னது பாதி. மறுபாதி யார் கண்ணிலும் படாது. அந்த அட்டையில் ஓவியமும் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். கடல் நீலம், மலை பழுப்பு, மேகம் பஞ்சு என்று எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சியது ஒட்டுகிற வேலை. எட்டு அட்டையும் ஒரே மாதிரி இருந்திருக்கும், சரிதானே?

லியோரா பிரெஸ்லர் என்ற கல்வி ஆய்வாளர் 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிகளில் கலையைப் பாடத்தோடு சேர்க்கும் விதங்களை நான்காகப் பிரித்தார். பாடத்துக்குக் கலை ஏவல் செய்வது ஒன்று, இரண்டும் சரிசமமாக நிற்பது ஒன்று. மனநிலைக்காகவும் வெளிப்பாட்டுக்காகவும் கலை வருவது மூன்றாவது. விழா, கூட்டம் என்று சேர்ந்திருப்பதற்காக வருவது நான்காவது. வகுப்பறைகளில் அவர் அதிகம் பார்த்தது முதல் வகைதான். நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஆண்டு விழா வந்தால் மட்டும் நான்காவது.

வேறு பாட ஆசிரியர்கள் என்னிடம் வந்து, "சார், பாடம் கொஞ்சம் வறட்சியாக இருக்கிறது, கலர் பண்ணச் சொல்லலாமா?" என்பார்கள். கசப்பு மருந்துக்குத் தேன் தடவுகிற மாதிரி. தேனுக்கென்று ஒரு ருசி இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. இது என் பழைய ஆற்றாமை, விடுங்கள்.

சந்தேகராமன் | செவ்வாய், காலை 8.15

சரி, நான் கேட்டுவிடுகிறேன். எதற்கு இதெல்லாம்? அம்புக்குறி போட்டபோது நன்றாக எழுதினார்கள் என்று டீச்சரே சொல்கிறார். ஒரே பாடவேளையில் முடிந்தது. மிச்சம் மூன்றில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கலாம்.

கலை வந்தால் மூளை வளரும், மதிப்பெண் கூடும் என்பதையெல்லாம் நான் நம்பத் தயாரில்லை. மோட்சார்ட் கதை ஞாபகமிருக்கிறதா? 1993-ல் 'நேச்சர்' இதழில் ஒரு பக்கக் கட்டுரை. மோட்சார்ட்டின் இசையைக் கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். இடஞ்சார்ந்த யோசனைச் சோதனை ஒன்றில் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் 10, 15 நிமிடத்தில் கரைந்துவிட்டது. அதை வைத்து, தொட்டில் குழந்தைக்கு இசைத்தட்டு போட்டால் மேதை ஆகும் என்று உலகமே கிளம்பியது. அந்தக் கட்டுரையில் குழந்தைகளே இல்லை.

மேடையோரம் | செவ்வாய், மதியம் 1.20

சந்தேகராமன் சார், உங்கள் சந்தேகம் நியாயமானது. கலை பக்கம் நிற்பவர்களுக்கே அது உண்டு. ஹார்வர்டின் 'புராஜெக்ட் ஜீரோ' என்ற கல்வி ஆய்வு மையத்தில் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசி 2000-ல் முடிவு வெளியிட்டார்கள். கலை கற்பதால் பொதுவாகப் படிப்பில் மதிப்பெண் கூடுகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்றார்கள். கலை ஆர்வலர்கள் பலருக்கு வருத்தம்தான்.

ஆனால் அதே அலசலில் மூன்று இடங்களில் உறுதியான தொடர்பு கிடைத்தது. இரண்டு இசை பற்றியவை. மூன்றாவது நம் வகுப்பறைக்கு நேராக வருகிறது: ஒரு கதையைப் பிள்ளைகள் நடித்துப் பார்த்தால் அந்தக் கதை நன்றாகப் புரிகிறது. அதோடு நிற்கவில்லை, அவர்கள் நடிக்காத புதுக் கதைகளைப் புரிந்துகொள்வதிலும் அந்தப் பலன் தெரிந்தது.

ஆகவே "கலை நல்லதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எந்தக் கலை, எந்தப் பாடத்துக்கு, பிள்ளை அதில் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

நாடகம் என்றதும் வசனம், ஒப்பனை, ஒத்திகை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் டோரத்தி ஹீத்கோட் என்ற நாடக ஆசிரியை வகுப்பறைக்குள்ளேயே ஒரு முறையை வளர்த்தெடுத்தார். ஆசிரியரே ஒரு பாத்திரமாக உள்ளே வந்துவிடுவார். நான் இரண்டாம் வகுப்பில் இதைச் செய்வேன். தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டால் நான் ஆசிரியர் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வழிப்போக்கன். "தம்பி, இந்தக் கடுதாசியில் என்ன எழுதியிருக்கிறது?" என்பேன். எழுத்துக்கூட்டவே மல்லுக்கட்டும் பிள்ளை, எனக்குப் படித்துச் சொல்ல முன்னால் வரும். துண்டை எடுத்ததும் மறுபடி நான் ஆசிரியர். செலவு ஒரு துண்டு, ஏழு நிமிடம்.

கணக்குப்புலி | செவ்வாய், மாலை 5.45

நேரம் பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்கிறேன். மீச்சிறு பொது மடங்கு. ஐந்தாம் வகுப்பு. ஒரே பாடவேளை, பசை இல்லை, அட்டை இல்லை.

வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி "தகிட" சொல்லிக் கைதட்ட வேண்டும், மூன்று எண்ணிக்கை. மறுபாதி "தகதிமி", நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் முதல் "த"வுக்கு மட்டும் தட்டு. இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்குங்கள், தட்டு மறுபடி எப்போது ஒன்றாக விழுகிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

முதல் மூன்று முறையும் சந்தைக் கூச்சல். ஒரு பாதியின் வேகம் மறுபாதியை இழுத்துக்கொண்டு போகிறது. மேசையில் நான் காலம் தட்டிக் கொடுத்த பிறகு நின்றது. நான்கு தகிட, மூன்று தகதிமி, இரண்டு தட்டும் "டப்" என்று ஒன்றாக விழுந்தபோது வகுப்பே சிரித்துவிட்டது.

அப்புறம்தான் சண்டை. பாதிப் பேர் 12 என்கிறார்கள், பாதிப் பேர் 13 என்கிறார்கள். இரண்டுமே சரி! ஒன்றாக விழுவது 13-வது எண்ணிக்கையில், அதற்குள் கடந்து போனது 12. இந்த வித்தியாசத்தைப் பலகையில் எத்தனை முறை விளக்கியிருப்பேன், ஒருத்தருக்கும் ஏறாது. அன்று அவர்களே விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து நாலும் ஆறும். "தகதிமி" ஒரு பக்கம், "தகதிமிதக" ஒரு பக்கம். எப்போது சேரும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னேன். எல்லோரும் 24 என்றார்கள், பெருக்கினால் வருமே. தட்டிப் பார்த்தால் 12-லேயே சேர்ந்துவிடுகிறது. "சார், நாங்கள் தப்பாகத் தட்டிவிட்டோம்" என்று மறுபடி தட்டினார்கள். மறுபடியும் 12. ஏன் என்று அவர்களே கேட்டார்கள். அந்த 'ஏன்' வந்த பிறகு பலகைக்குப் போனேன்.

தூரிகை | செவ்வாய், இரவு 8.02

ஆகா. தாளம் பிசகினால் கணக்கும் பிசகும், கணக்கு புரிந்தால் தாளம் நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நடக்காது. பஞ்சு மேகத்தில் இதுதான் இல்லை.

ஓவியத்திலும் உண்டு. பீட்டர் புரூகல் 1560-ல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' என்ற ஓவியம். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒரு தெரு முழுக்க 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள், ஏறக்குறைய 80 விளையாட்டுகள். திரையில் போட்டுவிட்டு மூன்றே கேள்வி. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும், அபிகேல் ஹவுசன் என்ற உளவியலாளரும் சேர்ந்து உருவாக்கிய முறை. இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. "அந்தப் பையன் அழுகிறான்" என்று சொல்லும் பிள்ளை சான்று காட்ட வேண்டும். அறிவியலிலும் வரலாற்றிலும் நாம் கேட்பது அதைத்தானே.

அம்மா ஒருத்தி | செவ்வாய், இரவு 10.30

நான் ஆசிரியை இல்லை. என் மகனுக்கு ஒன்பது வயது. போன வருடம் வரை சுவரெல்லாம் கிறுக்குவான். இப்போது பென்சிலைத் தொடுவதில்லை. "எனக்கு வரைய வராது." எல்லாப் பாடத்திலும் வரையச் சொன்னால் இவனுக்கு எல்லாப் பாடமும் வராமல் போய்விடாதா?

தூரிகை | புதன், காலை 6.15

அம்மா, அந்த வயதில் இது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதுதான். விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் பிள்ளைகளின் ஓவியம் எந்தெந்தக் கட்டங்களில் வளர்கிறது என்று 1947-லேயே எழுதினார். ஏழு எட்டு வயதில் ஒரு வீட்டுக்கு ஒரு வடிவம், ஒரு மரத்துக்கு ஒரு வடிவம் என்று கைவசம் வைத்துக்கொண்டு வரைவார்கள். ஒன்பதை ஒட்டி, நிஜத்தில் அப்படி இல்லையே என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கண் முந்திக்கொள்ளும், கை பின்தங்கும். உங்கள் மகனின் கண் வளர்ந்திருக்கிறது. அவன் வரைந்ததைப் பார்த்து "அழகு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அழகில்லை என்று அவனுக்கே தெரியும். "இந்தக் கால் ஏன் மடங்கியிருக்கிறது?" என்று கேளுங்கள்.

சோதனைக்குழாய் | புதன், காலை 7.50

கூடவே ஒன்று. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளிவந்த ஆய்வு. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அதைப் படமாக வரைந்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சொற்கள் நினைவிருந்தன. ஒரு சொல்லுக்குக் கொடுத்தது 40 வினாடிதான். வரையும் திறமைக்கும் நினைவுக்கும் சம்பந்தம் தெரியவில்லை, கோணல்மாணல் படமும் போதும். சந்தேகராமன் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அவர்களும் கல்லூரி மாணவர்கள்தான்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மரியேல் ஹார்டிமன் குழு செய்ததும் இருக்கிறது. அறிவியல் பாடத்தையே கலையோடு சேர்த்து ஒரு விதமாகவும் வழக்கம்போல் ஒரு விதமாகவும் நடத்தினார்கள். பாடம் முடிந்த கையோடு பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சில வாரம் கழித்துப் பார்த்தபோது, கலையோடு படித்தது கூடுதலாகத் தங்கியிருந்தது. அதிலும் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன்.

சந்தேகராமன் | புதன், காலை 9.05

வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கா? அந்த மூன்று பாடவேளையை நான் யாருக்காகக் கேட்டேனோ அவர்களுக்கு. சரி, இதை யோசிக்கிறேன். மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நாலாப்பு டீச்சர் | புதன், இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. தூரிகை சார், எட்டு அட்டையும் ஒரே மாதிரிதான் இருந்தன. படித்ததும் சுருக்கென்றது.

மறுபடி நடத்தலாம் என்றிருக்கிறேன். இரண்டே பாடவேளை. பிள்ளைகளே நீராக நடிப்பது, அப்புறம் ஆளுக்கொரு படக்கதை. யோசனை சொல்லுங்கள்.

சோதனைக்குழாய் | புதன், இரவு 9.00

பறை, மேளம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு வாளி. தட்டும் வேகம்தான் வெப்பம். மெதுவாகத் தட்டினால் பிள்ளைகள் நெருக்கமாக, உரசிக்கொண்டு நகர வேண்டும். வேகம் கூடக்கூடத் துள்ளல் கூட வேண்டும், விளிம்பில் இருப்பவர்கள் பிய்த்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வேகமாகத் தட்டும்போது மட்டும் வெளியேற விட்டால், கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்று பதிந்துவிடும். மெதுவான தட்டிலும் ஒன்றிரண்டு பேர் நழுவிப் போகட்டும். கொடியில் போட்ட துணி கொதித்தா காய்கிறது?

மேடையோரம் | புதன், இரவு 9.25

வெளியேறியவர்கள் பேசக் கூடாது, கைகால் சத்தம்கூட வரக் கூடாது. நீராவி கண்ணுக்குத் தெரியாது இல்லையா, அதை மௌனமாக வையுங்கள். மேலே போனவர்கள் குளிர்ந்து ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். நாலைந்து பிள்ளைகளைத் தூசியாக நிறுத்துங்கள்.

தூரிகை | வியாழன், காலை 6.30

படக்கதைக்கு நான்கு கட்டம் போதும். ஒரே துளியை நான்கு நேரங்களில் வரைய வேண்டும். எந்தக் கட்டத்தில் கிட்டத்தில் நின்று பார்ப்பது, எதில் எட்ட நின்று பார்ப்பது என்பது பிள்ளையின் முடிவு. நீங்கள் நிறம்கூடச் சொல்லக் கூடாது.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் இரண்டு தனித்தனி வரிசை. நீர் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒன்று. பார்க்கும் தூரத்தை யோசித்துத் தேர்ந்திருக்கிறதா என்பதற்கு ஒன்று. "சுத்தமாக இருக்கிறது" என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

நாலாப்பு டீச்சர் | ஒன்பது நாள் கழித்து, சனி, காலை 10.40

நடத்திவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதல் 12 நிமிடம் வீண். எல்லோருக்கும் மழையாக வேண்டும், யாருக்கும் தூசியாக வேண்டாம். கடைசியில் பலகை அழிக்கும் டஸ்டரைக் கையில் கொடுத்து "நீதான் தூசி" என்றேன். உடனே தூசிக்குப் போட்டி வந்துவிட்டது. வாளிதான் மேளம். தட்டும் வேகத்தைக் கூட்டியபோது ஒருவன் என்னைக் கேட்காமலே கத்தினான், "டீச்சர், வெயில் ஏறுது!" அந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மெதுவான தட்டில் நழுவிப் போன பெண்ணை மற்றவர்கள் இழுத்துப் பிடித்தார்கள், "வெயிலே வரலை, நீ எப்படிப் போவே?" என்று. விளையாட்டை நிறுத்திவிட்டு ஈரத்துணி பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். திட்டத்தில் இல்லாத ஐந்து நிமிடம்.

மேகக் கேள்வியை மறுபடி கொடுத்தேன். பஞ்சு இரண்டு பேர். "சின்னச் சின்ன நீர்த்துளி" என்று 23 பேர். ஆனால் புதுசாக ஒன்று முளைத்திருக்கிறது. ஆறு பேர், "குளிர் எடுத்ததால் துளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டன" என்று எழுதியிருக்கிறார்கள்.

பின்பெஞ்சு | சனி, காலை 11.02

பஞ்சு போய்ப் போர்வை வந்தது.

சோதனைக்குழாய் | சனி, காலை 11.30

பஞ்சைவிட இது எவ்வளவோ மேல். குளிர்ந்தால் ஒன்று சேரும் என்பது சரி, காரணம்தான் தப்பு. திங்கட்கிழமை ஒரே கேள்வி கேளுங்கள்: நம் நாடகத்தில் நிஜத் தண்ணீர் செய்யாத எதையெல்லாம் நாம் செய்தோம்? பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள். தண்ணீருக்குக் கை இல்லை, குளிராது, டஸ்டருக்குச் சண்டை போடாது.

தூரிகை | சனி, மதியம் 12.10

படக்கதை எப்படி வந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

நாலாப்பு டீச்சர் | சனி, மதியம் 12.48

32-ம் 32 மாதிரி சார். ஒருத்தி முதல் கட்டத்தில் ஒரு துளியைத் தாள் முழுக்க வரைந்து, கடைசிக் கட்டத்தில் புள்ளியாக்கி ஊர் முழுக்க மழை காட்டியிருக்கிறாள். சிலது அவசரக் கிறுக்கல். பாதிப் பேர் துளிக்குக் கண்ணும் வாயும் வைத்துவிட்டார்கள்.

ஒரு பையன் மட்டும் மூன்று கட்டம்தான் வரைந்திருந்தான். முதலில் குளம், மூன்றாவதில் மேகம், நான்காவதில் மழை. இரண்டாவது கட்டம் வெறும் வெள்ளை, சுற்றிக் கோடு மட்டும். அவன் அதிகம் பேசாத பிள்ளை. "முடிக்கவில்லை" என்று சிவப்புப் பேனாவால் எழுதி நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதும் இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் அந்தத் துளி நீராவியாக இருக்க வேண்டும்.

தூரிகை | சனி, மதியம் 12.55

டீச்சர்.

நாலாப்பு டீச்சர் | சனி, மதியம் 12.57

தெரியும் சார். திங்கட்கிழமை முதல் வேலை அதுதான். நோட்டைக் கேட்டு வாங்கி, என் எழுத்தை நானே அடிக்க வேண்டும்.